கண்ணாடித் துண்டில் அம்மா

நம் வயசு செட்டில் எட்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு அந்த வெங்காயத் தோல் மறந்திருக்காது. வருஷத்துக்கு ஒருமுறை பீரோவிலிருந்து மைக்ராஸ்கோப்பை எடுத்துத் தூசி தட்டி ஜன்னலோரம் வைப்பார்கள். இருந்தது ஒன்றே ஒன்று. வகுப்பு முழுக்க அதன் பின்னால் வரிசை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணைக் குழாயில் வைத்ததுமே டீச்சர் "தெரியுதா?" என்பார். "தெரியுது டீச்சர்" என்று சொல்லிவிட்டு உடனே நகர வேண்டும். நகராவிட்டால் பின்னால் நிற்பவள் இடுப்பில் கிள்ளுவாள். எனக்குத் தெரிந்தது என் இமை முடி மட்டும்தான். ஆனாலும் நோட்டில் செங்கல் அடுக்கினாற்போல வரைந்து, ஒவ்வொரு செங்கல்லுக்கும் நடுவில் புள்ளி வைத்து, கீழே "வெங்காயத் தோலின் செல்கள்" என்று எழுதிவிட்டேன். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

வேப்பந்தட்டைப் பக்கத்தில் எங்கள் காட்டில் அந்த ஐப்பசியில் சின்ன வெங்காயம்தான் போட்டிருந்தோம். வீடெல்லாம் அந்த வாடை. தலைக்குக் குளித்தாலும் பின்னலில் இருக்கும், சோற்றுத் தட்டில் இருக்கும், தங்கச்சியின் பொம்மைத் துணியில்கூட இருக்கும். அதிகம் விற்று, அதிகம் தின்று, தினமும் உரித்த ஒரு பொருளுக்குள் அறை அறையாக உயிர் இருக்கிறது என்று புத்தகத்தில் படித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. எல்லா உயிரும் செல்லால் ஆனது, ஒரு செல்லிலிருந்துதான் இன்னொரு செல் வரும் என்று பாடத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். பரீட்சைக்கு வரும் என்று டீச்சர் சொன்னதால் மனப்பாடம் செய்தேன். அது எங்கள் வீட்டுக்குள் வரும் என்று யாருக்குத் தெரியும்?

அப்போது வீட்டில் ஐந்து பேர். அப்பா, அம்மா, நான், என்னைவிட நான்கு வயது சிறிய தங்கச்சி, அத்தை. அத்தை அப்பாவுக்கு மூத்தவள். விக்கிரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள், மாமா இறந்தபின் எங்களோடு வந்துவிட்டாள். பிள்ளை இல்லாதவள் என்றுதான் அம்மாவும் நாங்களும் நினைத்திருந்தோம். பேச்சு கத்திரிக்கோல் மாதிரி இருக்கும். அப்பாவே அவளிடம் எதிர்த்துப் பேசமாட்டார். எங்கள் இரண்டு பேருக்குப் பின் ஒரு ஆண் பிள்ளை வேண்டும் என்று வாரம் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தவளும் அத்தைதான்.

அந்த மழைக் காலத்தில் ஒருநாள் யூனியன் பள்ளிக்கூடத்தில் பெண்களுக்கான கேம்ப் வந்தது. திருச்சியிலிருந்து ஒரு வேன், அதில் ஒரு டாக்டரம்மா. எங்கள் ஊர் நர்சம்மா நாலைந்து நாளாகவே வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். முப்பது வயதுக்கு மேலே இருக்கும் பெண்கள் வர வேண்டும், கர்ப்பப்பை வாயில் ஒரு மரக்குச்சியால் லேசாக வழித்துக் கண்ணாடித் துண்டில் பூசி அனுப்புவார்கள், அவ்வளவுதான், வலிக்காது என்று. சொன்னவிதமே பெண்களை ஓட வைத்தது. கூச்சம் ஒரு பக்கம். நர்சம்மாவின் மேல் சந்தேகம் இன்னொரு பக்கம். முன்னெல்லாம் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்க வந்ததும் அதே வெள்ளைச் சேலைக்காரர்கள்தானே. "இதுவும் அதுல ஒரு வழிதான்" என்று குழாயடியில் பேசிக்கொண்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு அன்று அரைநாள் லீவு. நான் அம்மாவோடு கடைக்குப் போய்த் திரும்பும்போது நர்சம்மா பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வெளியே மழைத் தூறலில் குடை இல்லாமல் நின்றார். டி.வி.எஸ். வண்டியின் சீட்டில் பிளாஸ்டிக் பையை மாட்டி வைத்திருந்தார். போகிற வருகிற பெண்களையெல்லாம் பார்த்தார். எல்லாரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அம்மா கொஞ்சம் தள்ளிப் போய் நின்றாள்.

"பாவம் புள்ள. காலையிலேர்ந்து நிக்கிது. ஒருத்தியும் உள்ள போகல. திருச்சிலேர்ந்து வந்தவங்க முன்னாடி அதுக்கு எவ்வளவு அவமானமா இருக்கும்?" என்றாள். பிறகு கையிலிருந்த பையை என்னிடம் கொடுத்தாள். "நீ இங்கயே நில்லு. அத்தைகிட்ட சொல்லாத."

அவ்வளவுதான் காரணம். அம்மாவுக்கு வலியும் இல்லை, நோவும் இல்லை. தங்கச்சி பிறந்தபோது பிரசவம் பார்த்த நர்சம்மா தலை குனிந்து நிற்பதைப் பார்க்க முடியாமல்தான் உள்ளே போனாள். அவள் போனதைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். வெளியே வந்தபோது அம்மாவின் முகம் சிவந்திருந்தது. பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள்.

கார்த்திகை பிறந்த பிறகு நர்சம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா வாசலில் துவரை புடைத்துக்கொண்டிருந்தாள். நர்சம்மா வண்டியை ஸ்டாண்ட் போடாமலேயே சுவரில் சாய்த்துவிட்டு வந்ததை நான் கவனித்தேன்.

"அக்கா, ரிசல்ட் வந்திருக்கு. ஒண்ணும் பயப்படாதீங்க. ஆனா திருச்சிக்கு ஒரு தடவ போயிட்டு வந்துடணும். அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க."

"ஏன், என்ன வந்திருக்கு?"

"செல்லு கொஞ்சம் மாறியிருக்குக்கா. இன்னும் நோயா ஆகல. ஆகறதுக்கு முன்னாடி பாத்துட்டாங்க. அநேகமா கர்ப்பப்பைய எடுக்கச் சொல்வாங்க."

உள்ளேயிருந்து அத்தை வந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

"எதை எடுக்கப் போறாங்க?" என்றாள். "நல்லா கல்லாட்டம் இருக்கறவள இழுத்துட்டுப் போயி வயித்தக் கிழிக்கணுமா? உனக்கு இந்த மாசம் கேசு கொறையுதா? அதுக்கு எங்கூட்டுப் பொம்பளதான் கெடச்சாளா?"

"பெரியம்மா, இது அந்த ஆபரேஷன் இல்ல. சத்தியமா..."

"சத்தியம் பண்ணாத. எந்திரிச்சுப் போ."

நர்சம்மா அம்மாவைப் பார்த்து, "நான் சொன்னத மட்டும் விட்டுடாதீங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. தெருமுனை வரை தள்ளிக்கொண்டே போனார். அத்தை முறத்தை வாங்கி, அம்மா விட்ட இடத்திலிருந்து புடைக்க ஆரம்பித்தாள். துவரை முறத்துக்கு வெளியே சிதறியதை அன்று நான் கோபம் என்று நினைத்தேன்.

அடுத்த நாட்கள் நல்ல நாட்கள் இல்லை. விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. அந்த இடத்தில் வருகிற நோய் என்றால் அந்தப் பெண்ணிடம் ஏதோ தப்பு இருக்கும் என்று பேசுகிற வாய்கள் எல்லா ஊரிலும் உண்டு. குழாயடியில் அம்மா போனால் பேச்சு நின்றுவிடும். அம்மா விடிவதற்கு முன்பே தண்ணீர் பிடிக்கப் போக ஆரம்பித்தாள். அத்தை, உடம்புச் சூடு என்று சொல்லி, வெந்தயம் ஊறவைத்துத் தினமும் கொடுத்தாள். அப்பா காட்டுக்குப் போவார், வருவார், சாப்பிடாமல் படுத்துவிடுவார். பிறகு ஒருநாள் காலையில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, "கெளம்பு, போயிட்டு வந்துடலாம். என்னன்னு நானே கேக்கறேன்" என்றார். பொம்பளை வார்டுக்குள் அவர் வரமுடியாது என்று என்னையும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட வைத்துக் கூட்டிப்போனார்கள். அத்தை வரவில்லை.

பெரம்பலூரில் பஸ் மாறி, பாடாலூர், சமயபுரம் தாண்டி, கொள்ளிடம் பாலம் வரும்போது அம்மா என் கையைப் பிடித்தாள். ஆற்றில் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. வேறு நாளாக இருந்தால் ஜன்னலுக்குச் சண்டை போட்டிருப்பேன்.

முதல் தடவை போனபோது ஒரு துளி சதையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இரண்டாம் தடவைதான், கேம்புக்கு வந்திருந்த அதே டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்னார். கேட்டு முடித்ததும் அப்பா எழுந்து நின்றுகொண்டார். டாக்டரம்மா முன்னால் அவரால் உட்கார்ந்து பேச முடியவில்லை.

"வலி இல்லீங்க. காய்ச்சல் இல்லீங்க. முந்தாநாளுகூட நாள் பூரா களை எடுத்திருக்கா. எத நம்பி அறுக்கச் சொல்றீங்க?"

டாக்டரம்மா கோபப்பட்டிருக்கலாம். வெளியே அத்தனை பேர் காத்திருந்தார்கள். ஆனால் அவர் பேனாவை மூடி வைத்தார். "நம்ப வேணாம். போய்ப் பாத்துட்டு வாங்க" என்று ஒரு ஆயாவோடு எங்களைக் கீழே அனுப்பினார்.

கீழே இருந்த அறையில் ஸ்பிரிட் வாடை. மேஜை முழுக்கக் கண்ணாடித் துண்டுகள். அங்கே ஒரு டாக்டர் மைக்ராஸ்கோப்பில் குனிந்தபடியே இருந்தார். பக்கத்தில் மூடி தொலைந்த பிளாஸ்க், ஆறிய டீ. நோயாளிகளைப் பார்த்தே பழக்கமில்லாதவர் போல எங்களைப் பார்த்து முகம் சுளித்தார். ஆயா விஷயத்தைச் சொன்னதும், முனகிக்கொண்டே ஒரு கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்து வைத்தார்.

அப்பா குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஒண்ணுந் தெரியலீங்க" என்றார்.

எட்டாம் வகுப்பில் எங்களில் ஒருத்திக்கும் வராத தைரியம் அது. டாக்டர் முதல்முறையாக அவரை ஒழுங்காகப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, அப்பாவின் தலையைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தி, திருகைத் திருகினார். "அவசரமில்ல. தெரியறப்ப சொல்லுங்க."

"ஆங்" என்றார் அப்பா.

எனக்கும் காட்டினார்கள். நிஜமாகவே தெரிந்தது. ரோஸும் இளநீலமுமாக, தண்ணீரில் விரித்துப்போட்ட மெல்லிய துணிபோல ஒவ்வொன்றும் அகலமாகக் கிடந்தது. நடுவில் கடுகளவு ஒரு புள்ளி. டாக்டர் கண்ணாடியை மயிரிழை நகர்த்தினார். இப்போது வேறு மாதிரி. சிறிது சிறிதாக, நெருக்கியடித்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்று ஏறி. ஒவ்வொன்றிலும் உடம்பு முழுக்க அந்தப் புள்ளியே, நாவல்பழக் கறை மாதிரி.

"முதல்ல பாத்தது நல்ல செல்லு. இது மாறிப்போன செல்லு. செல்லு தானா முளைக்காது. இருக்கற செல்லுதான் ரெண்டா ஆகும். மாறினது ரெண்டானா ரெண்டும் மாறினதாத்தான் இருக்கும். அப்புறம் நாலு. இப்ப இது மேல் தோலோட நிக்குது, உள்ள எறங்கல. எறங்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டா இதோட முடிஞ்சுது. எறங்கிட்டா என் கையில ஒண்ணும் இல்ல." பிறகு அப்பாவின் கையைப் பார்த்தோ, வாடையை வைத்தோ, "எந்த ஊரு, வெங்காயமா? அடுக்கி வச்ச பட்டறையில ஒண்ணு அழுகினா என்ன பண்ணுவீங்க? எடுத்துப் போட மாட்டீங்களா?" என்றார்.

அப்பாவுக்கு எங்கிருந்தோ வேகம் வந்தது.

"வெங்காயம் போனா வேற வெங்காயம் போட்டுக்கலாம் சார். இவ ஒருத்திதான இருக்கா?"

டாக்டர் ஆறிய டீயை எடுத்து, குடிக்காமல் கீழே வைத்தார்.

அப்போதுதான் கதவோரம் நின்றிருந்த அம்மா பேசினாள். "நானும் பாக்கட்டுங்களா?"

மூன்று பேரும் திரும்பினோம். அவள் உடம்பைப் பற்றி அத்தனை பேர் பேசியிருந்தோம். அவளைப் பார்க்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. டாக்டர் தன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள்.

"இதெல்லாம் என்னோடதா?"

"உங்களோடதுதாம்மா."

"இம்புட்டு அழகா இருக்கு" என்றாள் நல்லவற்றைப் பார்த்து. மற்றவற்றைக் காட்டியபோது நெடுநேரம் தலையைத் தூக்கவில்லை. பிறகு கேட்டாள். "நான் ஏதாச்சும் தப்புத்தண்டா பண்ணதாலயா சார் இது வந்துச்சு?"

அந்த முசுட்டு மனிதர் அவளுக்குச் சரிசமமாகக் குனிந்து சொன்னார். "இல்லம்மா. உங்க மேல ஒரு தப்பும் இல்ல. யார் சொன்னாலும் நம்பாதீங்க."

குழாயடிக்கு இருட்டிலேயே போய் வந்த என் அம்மா அங்கேயே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "எடுத்துடச் சொல்லிடுங்க" என்றாள். "உங்க அக்காவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். ரெண்டு பொண்ணுங்களுக்கு அம்மா இருக்கணும். இல்லாத பையனுக்கு இது எதுக்கு?"

அப்பா அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே வந்தார். சமயபுரத்தில் இறங்கி எங்களுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அவர் தாமாக எங்களுக்கு ஏதாவது வாங்கித் தந்தது அபூர்வம்.

மார்கழியில் ஆபரேஷன். அம்மா சொன்னதைக் கேட்ட அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது வெளியேயும் வரவில்லை. அப்பாவுக்கு அது பெரிய வருத்தம். ஆனால் ஆபரேஷன் முடிந்த மறுநாள் மத்தியானம் வார்டு வாசலில் ஒயர் கூடையோடு அத்தை நின்றாள். தனியாக டவுனுக்குக்கூடப் போகாதவள், இரண்டு பஸ் மாறி, விசாரித்து விசாரித்து வந்திருந்தாள். கூடையில் ரசம், குழைந்த சோறு, அம்மாவின் பழைய சேலை இரண்டு. "ஆம்பளைக்கு இங்க என்ன வேல? காட்டப் போயி பாரு. வெங்காயம் புடுங்கற நேரம்" என்று அப்பாவை அனுப்பினாள். அம்மா வீடு திரும்பும்வரை கட்டிலுக்கு அடியில் பாய் போட்டுப் படுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. பேசாமலே அம்மாவுக்குத் தலை வாரினாள், பேசாமலே கால் பிடித்துவிட்டாள். நான் கூட இருந்த சனி ஞாயிறில் அதைப் பார்த்தேன். வீம்பு பிடித்த கிழவி என்று நினைத்துக்கொண்டேன்.

நண்பர்களே, நான் பயாலஜி படிக்கவில்லை. காமர்ஸ் படித்து, ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து, கண்ணாடி போட்டும் எழுத்து மங்குகிற வயதுக்கு வந்துவிட்டேன். அன்றைய அம்மாவைவிட இன்று எனக்கு வயது அதிகம். பின்னால் எங்கோ படித்தேன், ஒரு காலத்தில் பெரிய படிப்பாளிகளே புற்றுநோய்க் கட்டி என்பது உடம்பில் ஊறும் கெட்ட நீர் உறைந்து வருவது என்றுதான் நம்பினார்களாம். அப்படியானால் அத்தையின் வெந்தயம் ஒன்றும் பைத்தியக்காரத்தனம் இல்லை. செல்லிலிருந்துதான் செல் வரும் என்று யாரோ பார்த்துச் சொன்ன பிறகுதான், ஆரம்பித்த இடம் என்று ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடித்து நிறுத்தலாம் என்ற எண்ணமே வந்திருக்கிறது. எங்கள் ஊருக்கு வந்த வேன், மரக்குச்சி, கண்ணாடித் துண்டு எல்லாம் அந்த ஒரு வரியின் பின்னால் வந்தவைதான். பரீட்சையில் அந்தக் கேள்வி வரவே இல்லை.

அம்மா பக்கத்து அறையில் சத்தமாக டி.வி. வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எங்கள் இரண்டு பேர் கல்யாணமும், நான்கு பிரசவங்களும், அப்பாவின் கடைசி நாட்களும் அவள் கையில்தான் நடந்தன. அவள் இல்லாமல் அவை எப்படி நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்க முயன்று, ஒவ்வொரு தடவையும் பாதியில் நிறுத்திவிடுகிறேன். யாருக்கு நன்றி சொல்வது என்றால் எனக்கு வரிசைப்படுத்தத் தெரியாது. அந்த முசுட்டு டாக்டருக்கா, "நம்ப வேணாம், போய்ப் பாத்துட்டு வாங்க" என்ற டாக்டரம்மாவுக்கா, மழையில் நின்ற நர்சம்மாவுக்கா, அவர் நிற்பதைப் பொறுக்காத அம்மாவின் மனசுக்கா.

அந்தத் தை மாதத்தில் நடந்த ஒன்றை மட்டும் சொல்லி முடிக்கிறேன். பொங்கல் முடிந்திருந்தது. எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்த முடிவு வந்திருக்கிறது, ஓரமெல்லாம் சுத்தம், எங்கும் பரவவில்லை என்று சொல்ல நர்சம்மா வந்தார். அத்தை இருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"எங்க போற?" என்றாள் அத்தை. "உக்காரு. சாப்ட்டுட்டுப் போ."

நர்சம்மா அம்மாவைப் பார்த்தார். அம்மா கண்ணால் உட்காரச் சொன்னாள். அத்தையே இலை போட்டு, சோறு வைத்து, கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றி, எதிரில் உட்கார்ந்துகொண்டாள்.  பிறகு, வெயில் அடிக்கிறது, மழை வருகிறது என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

"எனக்கு ஒரு பையன் இருந்தான். விக்கிரமங்கலத்துல. ஒண்ணே போதும்னு சொல்லி ஒரு நர்சு என்னைக் கேம்புக்குக் கூட்டிட்டுப் போனா. ஆள் புடிச்ச காலம் அது. எதுக்கு அறுக்கறாங்கன்னு எனக்கு சரியாத் தெரியாது. மறு வருசம் பையன் காய்ச்சல்ல போயிட்டான்."

 அம்மாவுக்கும் அது தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. சுவரோரம் இருந்த அப்பா மட்டும் தரையைப் பார்த்தார்.

"அது நீ இல்ல. எனக்குத் தெரியும்" என்றாள் அத்தை. "ஆனா அதே வெள்ளச் சேல. உன்னப் பாக்கறப்பல்லாம் நான் அவளத்தான் பாத்தேன்."

நர்சம்மா சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்தார். கண்ணீர் இலையில் விழுந்தது. அத்தை எழுந்து இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"ஆறிப் போவுது. சாப்புடு."